பாணி யாரையும் கடிக்கவில்லை

1

இன்று காலை தபாலில் ஒரு கடிதம் வந்தது. பாணியின் இன்சூரன்ஸ் காப்புறுதிக்கு ஒரு வருஷம் முடிகிறதாம், புதுப்பிக்க வேண்டுமாம். பாணி எங்கள் வீட்டு நாய்.

ஊரில், திருகோணமலையில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். போன வருஷம் உவர்மலையில் இருக்கிற என் அக்காவுக்குப் போனில் இதைச் சொன்னபோது அவவும் விழுந்து விழுந்து சிரித்தவ.

"நாய்க்குக் காப்புறுதியோ? என்ன தம்பி விசர்க்கதை கதைக்கிறாய்! இஞ்ச எனக்கும் அத்தானுக்குமே ஒண்டும் இல்லை. கோயிலில ஒரு காப்புக் கட்டி விடு, காணும்."

அக்காவில் பிழை இல்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நாய் என்றால் முற்றத்தில் கிடக்கும், மிச்சச் சோறு தின்னும், நோய்வருத்தம் வந்தால் இரண்டு நாள் மரத்தடியில் சுருண்டு கிடந்து எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. அதற்கு ஒரு கம்பனி, ஒரு ஒப்பந்தம், மொத்தமாய் ஒரு விதிப் புத்தகம் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அந்தக் காப்புறுதி கைநழுவிப் போகப் பார்த்த அந்தக் கொஞ்ச நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முதல் ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் கோபக்காரன். இருபத்திநாலு வருஷமாக இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு ஊரில் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை. மெசின் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை. அதனால் என் இங்கிலீசு வளரவும் இல்லை, கோபம் குறையவும் இல்லை. எனக்குக் கோபம் தமிழில்தான் வரும். தமிழ் விளங்கிற ஆட்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். எல்லாம் அவர்கள் தலையில்தான் இறங்கும்.

ஒரே மகள் துளசி. கைக்குழந்தையாகக் கொண்டு வந்தோம். கணக்கியல் படிக்கப் பல்கலைக்கழகம் போனவள், மூன்றாம் வருஷம் பாதியில் வந்து நின்று, "அப்பா, எனக்கு இது ஏலாது. நான் நாய் குளிப்பாட்டுற வேலை பழகப் போறன்," என்றாள். இங்கே அது ஒரு தொழில். நாய்க்கு முடி வெட்டி, நகம் வெட்டி, குளிப்பாட்டி விடுவது. அதற்குப் படிப்பும் உண்டு, சேர்ட்டிபிக்கேட்டும் உண்டு. எனக்கு அது அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு என் வாய் நின்றிருக்காது.

"நாய் கழுவவோ உன்னை இந்த நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தனான்?" என்றேன். அதோடு நிற்பாட்டியிருக்கலாம். "இதுக்கு நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்," என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. ஒரு பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள். ரயிலில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் அறை எடுத்து வேலை பழகினாள். இரண்டு வருஷம் வீட்டுப்பக்கம் வரவில்லை. தாயோடு போனில் கதைப்பாள். நான் எடுத்தால், "அம்மா நிக்கிறாவோ?" என்று மட்டும் கேட்பாள்.

2

பிறகு ஒருநாள் ராணியின் போனுக்குத் துளசி ஒரு படம் அனுப்பினாள். ராணி என் மனிசி. படத்தில் மண்ணிறத்தில் ஒரு நாய், ஒரு காது நிமிர்ந்து மற்றக் காது மடிந்து. கைவிட்ட நாய்களை வைத்துப் பார்க்கிற ஒரு இடத்துக்குத் துளசி கிழமைக்கு ஒருநாள் போய்ச் சும்மா குளிப்பாட்டிக் கொடுக்கிறவளாம். இவனை எடுக்க ஒருவரும் வருகிறார்கள் இல்லையாம். வயது ஆறோ ஏழோ, யாருக்கும் சரியாகத் தெரியாது. படத்துக்குக் கீழே ஒரு வரி: அப்பாவிடம் கேட்டுப் பாருங்கோ.

அப்பாவிடம்! ராணி போனை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை உங்களைக் கேக்கச் சொல்லியிருக்கிறாள்."

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம். யானையைக் கேட்டிருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன்.

"ஓம் எண்டு சொல்லும்," என்றேன்.

அந்த இடத்தில் அவனுக்குப் பெயர் பார்னி. துளசி வீடியோ போனில் அதைச் சொன்னவுடனே ராணி, "பாணியோ? நல்ல பேர். நிறமும் அதுதானே," என்றாள். கிண்ணியாத் தயிருக்கு மேலே ஊற்றுகிற, மண்ணிறத்து இனிப்புப் பாணி. துளசிக்கு விளங்கவில்லை. எருமைத் தயிர்ச்சட்டியை அவள் எங்கே கண்டாள்? ராணி கையால் ஊற்றிக் காட்டி, நாக்கைச் சப்பிக் காட்டி விளங்கப்படுத்தினாள். துளசி சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் பாணிதான்.

இங்கே நாயைச் சும்மா தூக்கித் தந்துவிட மாட்டார்கள். முதலில் வீடு பார்க்க ஒரு அம்மா வந்தா. மொழிபெயர்க்க என்று துளசியும் வந்தாள், இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தரமாக. வேலியின் உயரத்தைப் பார்த்தா, குசினிக் கதவு பூட்டுமோ என்று பார்த்தா. பிறகு கதிரையில் இருந்து கேள்வி கேட்டா. பகலில் வீட்டில் யார் நிற்பது? வீட்டில் யாராவது சத்தம் போடுகிறவர்களா? கோபத்தில் சாமான் எறிகிறவர்களா? இந்த நாய் சத்தத்துக்குப் பயந்தது என்றா. துளசி என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தாள்.

"முந்தி சத்தம் போடுறனான், இப்ப இல்லை எண்டு சொல்லு," என்றேன். அவள் அதைத்தான் சொன்னாளோ, வேறு என்ன சொன்னாளோ, அந்த அம்மா நீளமாக எழுதிக்கொண்டா.

கடைசியில் ஒரு தாள் தந்தா. நாலு கிழமைக்கு நாய் எங்களிடம் பரீட்சைக்கு இருக்கும். அதற்குள் காப்புறுதி எடுத்து அத்தாட்சி காட்ட வேண்டும். நாய் யாரையாவது கடித்தால் அந்தப் பொறுப்பையும் ஏற்கிற காப்புறுதியாக இருக்க வேண்டும். காட்டாவிட்டால் நாய் திரும்பிப் போகும்.

பாணி வந்த பிறகு துளசி ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். அவனைப் பார்க்கத்தான். என்னைப் பார்க்க இல்லை, அது எனக்கு வடிவாக விளங்கியது. நிலத்தில் இருந்து அவன் காதைப் பார்ப்பாள், பல்லைப் பார்ப்பாள், அவனோடு ஏதோ கதைப்பாள், இரண்டு மணித்தியாலத்தில் போய்விடுவாள். நான் குசினியில் ஏதாவது உருட்டிக்கொண்டு நிற்பேன். என்றாலும் என் வீட்டுக் கதவால் என் பிள்ளை உள்ளே வருகிறாள். நாய் திரும்பிப் போனால் அவளும் வரமாட்டாள். என் பயம் அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

3

துளசி ஐந்து கம்பனிகளின் பெயரை எழுதித் தந்தாள். "நான் போன் எடுத்துக் கதைக்கட்டோ?" என்றும் கேட்டாள். பத்து வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வாய் அவள்தான். டொக்டரோ, கரண்ட் கம்பனியோ, கவுன்சிலோ, "அப்பாவுக்காக நான் கதைக்கிறேன்" என்றுதான் தொடங்குவாள். சின்னக் குரலை வேண்டுமென்றே தடிப்பாக்கிக்கொண்டு கதைப்பாள், பாவம்.

"வேண்டாம், நானே கதைப்பன்," என்றேன். ரோஷம் ஒரு பக்கம். அவளுக்காக ஒரு காரியத்தையாவது நானே முன்னின்று செய்து முடிக்க வேண்டும் என்ற ஆசை மற்றப் பக்கம்.

ஒரு கிழமை முழுக்க ராணியும் நானும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கம்பனிகளின் விதிப் புத்தகங்களையும் ஒரு அகராதியையும் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தோம். கண்டறியாத புத்தகங்கள். ஒன்று விபத்துக்கு மட்டும். ராணி அதைத் தள்ளி வைத்தாள். இன்னொன்று ஒரு வருத்தத்துக்கு ஒரு வருஷம் மட்டும். அதாவது நாய்க்குச் சீனி வருத்தம் வந்தால் முதல் வருஷம் கம்பனி பார்க்கும், அடுத்த வருஷம் அந்தச் சீனியை நாங்களும் நாயும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது சாகும்வரை பார்ப்பது. ராணி அதில் விரலை வைத்தாள்.

"எடுத்தால் கடைசி மட்டும் பாக்கிறதெண்டுதானே எடுக்கோணும்."

எல்லாப் புத்தகத்திலும் ஒரு வசனம் இருந்தது: முன்பே இருந்த வருத்தங்களுக்குக் கம்பனி பொறுப்பில்லை. ராணிக்கு அதில் சரியான கோபம்.

"ஆரோ அடிச்சுத் துரத்தின நாய். முந்தி ஒண்டுமில்லாமல் வருமோ? நாங்கள் வரேக்க என்னென்ன கொண்டு வந்தனாங்கள்?"

எனக்கு முழங்கால் நோவு. அவளுக்கு அல்சர். இரண்டு பேருக்கும் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கும். இங்கே பட்டாசு கொளுத்துகிற நாட்களில் பாணி கட்டிலுக்குக் கீழே, நாங்கள் கட்டிலுக்கு மேலே. வேறு வித்தியாசம் இல்லை.

பொறுப்பு என்கிற பகுதியை வாசித்தபோது எனக்கு ஊரில் படகுகள் வந்து கட்டுகிற எங்கள் ஜெட்டி ஞாபகம் வந்தது. உட்துறைமுக வீதியில், மூதூருக்குச் சனம் ஏற்றுகிற படகு, லோஞ்ச், வந்து கட்டுகிற இடத்துக்குக் கிட்ட அப்பாவுக்குத் தேத்தண்ணிக் கடை. அங்கே ஒரு கறுத்த நாய் நின்றது. லோஞ்ச்நாய் என்போம். காலையில் சனத்தோடு சனமாக ஏறி மூதூருக்குப் போகும், பின்னேர லோஞ்சில் திரும்பி வரும். மூதூரில் அதற்கு என்ன அலுவலோ, ஒருவருக்கும் தெரியாது. மூதூரில் இருந்து வருகிற மீன் யாவாரி கபூர் நானா அதைத் தொடமாட்டார், நேரத்துக்குத் தொழுகிற மனிசன். ஆனால் தன் சோற்றுப் பார்சலில் ஒரு மீன் துண்டை எடுத்து எறியாமல் ஒருநாளும் கை கழுவமாட்டார். டிக்கட் பார்க்கிறவர் ஒருநாள் பகிடிக்குக் கேட்டார்.

"நானா, உங்கட நாய்க்கு டிக்கட் எங்க?"

"என்ட நாயா? இது கவுண்மேந்து நாய்," என்றார் கபூர் நானா.

ஒருநாள் அது கச்சேரியில், அரசாங்க ஒபிசில், வேலை செய்கிற கிளாக்கர் ஒருவரின் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. அவர்தான் வாலை மிதித்தவர். பெரியாஸ்பத்திரிக்குப் போய் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டார். யாரும் யாரிடமும் முறைப்பாடு சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? ஊசியெல்லாம் முடிந்த பிறகு எங்கள் கடையில் பணிஸ் வாங்கி அதில் பாதியைப் பிய்த்து அதற்குப் போட்டார். "இனி என்ன, இரத்த உறவாப் போச்சு," என்றார்.

ஐயோ, அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பிறகு அந்த நாய் வயிறு வீங்கி ஜெட்டிக்குக் கீழே மூன்று நாள் கிடந்து செத்தது. எல்லாருக்கும் கவலைதான், எட்டி எட்டிப் பார்த்தோம். ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. நானும்தான் போகவில்லை. எல்லாருடைய நாய் என்றால் கடைசியில் அப்படித்தான். அதை நினைத்ததும் அந்தக் கண்டறியாத புத்தகத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

4

ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு. முகம் கழுவி, நல்ல சேட்டு ஒன்று போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் இருந்தேன். ராணி சிரித்தாள். "போனுக்குள்ளால ஆர் உங்கட சேட்டைப் பாக்கப் போயினம்?"

இந்த அழைப்பு பதிவு செய்யப்படும் என்று முதலில் ஒரு மெசின் சொன்னது. செய்யட்டும், நான் என்ன களவோ எடுக்கிறேன். பிறகு ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். இனிமையான குரல், அவசரமில்லாத பிள்ளை. என் பெயர், விலாசம், நாயின் பெயர், வயது எல்லாம் கேட்டாள். என்ன இனம் என்றாள். கலப்பு என்றேன். எதும் எதும் கலந்தது என்றாள். கடவுளுக்குத்தான் தெரியும் என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் புழுகம் பிடிபடவில்லை. என் இங்கிலீசுக்கு ஒரு இங்கிலீசுக்காரி சிரிக்கிறாள்.

பிறகு அவள் கேட்டாள்: "அப்படியென்றால் பாணி ஒருவரையும் கடித்ததில்லை?"

"யெஸ்," என்றேன்.

"யெஸ்ஸா?"

"யெஸ், யெஸ்."

அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. "எத்தனை பேர்?"

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். "மூன்று பேர்."

"மூன்று பேரா! அதில் பிள்ளைகள் யாராவது?"

"யெஸ். ஒரு பிள்ளை. என் மகள்."

அவள் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "ஓ... பிள்ளை ஹேர்ட் ஆனாளா?" என்று மெல்லக் கேட்டாள்.

அந்தச் சொல்லைக் கவனியுங்கள். உடம்பு நொந்தாலும் மனம் நொந்தாலும் இங்கே அந்த ஒரு சொல்தான். இவளுக்கு எப்படித் தெரியும், இவளுக்கு ஏன் இந்தக் கதை என்று நான் யோசிக்கவே இல்லை. வீடு பார்க்க வந்த அம்மா, சத்தம் போடுகிறவர்களா என்று கேட்கவில்லையா? நாய் விஷயத்தில் இவர்கள் எல்லாவற்றையும் தோண்டித்தான் பார்ப்பார்கள் என்று இருந்தேன். அதைவிட, இரண்டு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அதுவும் அவ்வளவு பட்சமாக.

நான் மகளைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். என் கையில் இருந்த இங்கிலீசு முழுவதையும் போட்டுச் சொன்னேன். அவள் இரண்டு தரம், "எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது, சேர்," என்றாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். "எல்லாம் வெற்றி," என்று ராணிக்குச் சொன்னேன். மகளைப் பற்றிக் கதைத்ததை மட்டும் சொல்லவில்லை.

5

அடுத்த கிழமை கடிதம் வந்தது. நாலு கிழமை முடிய இன்னும் பத்து நாள். நாங்கள் இரண்டு பேரும் எழுத்துக் கூட்டி வாசித்தோம், விளங்கவில்லை. ஞாயிறு துளசி வந்து வாசித்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது.

"அப்பா, பாணி ஆரைக் கடிச்சவன்?"

"ஒருத்தரையும் இல்லையே!"

"மூண்டு பேரைக் கடிச்சதெண்டு எழுதியிருக்கு. அதில ஒண்டு சின்னப்பிள்ளையாம். காயமாம். அதனால காப்புறுதி தர ஏலாதாம்."

பாணி தன் பெயரைக் கேட்டு வாலை ஆட்டினான். துளசி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் என்ன கேட்டாள், நீங்கள் என்ன சொன்னீங்கள், பிறகு என்ன கேட்டாள். "கடிச்சதில்லை?" என்று கேட்டாள், யெஸ் என்றேன் என்று நான் சொன்னதும் துளசி தலையில் கையை வைத்தாள்.

"அப்பா, அதுக்கு நோ எண்டெல்லோ சொல்லோணும்!"

"நோ எண்டால் கடிச்சவன் எண்டெல்லோ வரும்?"

எங்கட ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். "நாளைக்கு லோஞ்ச் இல்லைத்தானே?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "ஓம்" என்பீர்கள். ஓம் என்றால், நீங்கள் சொல்வது சரி, லோஞ்ச் இல்லை. நாங்கள் கேட்கிற ஆளுக்கு ஓம் சொல்கிறோம். இவர்கள் நடந்த விஷயத்துக்கு யெஸ் சொல்கிறார்கள். இருபத்திமூன்று வருஷம் இங்கே இருந்து எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷத்தில் எத்தனை டொக்டருக்கு, எத்தனை ஒபிசருக்கு, "நோவு இல்லையா?" "யெஸ்" என்று சொல்லியிருப்பேனோ! ராணிக்கு ஒருதரம் தேவையில்லாத ஒரு குளிசையை மூன்று மாதம் கொடுத்தார்கள். ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மூன்று பேர் என்று சொன்ன இடத்தில் துளசிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கடிதத்தைத் திரும்பப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"இது பகிடி இல்லை அப்பா. மற்றக் கம்பனியளும் முதல் கேள்வியா, முந்தி வேற கம்பனி ஏதும் மறுத்ததோ எண்டுதான் கேப்பினம். இவனைத் தந்த அந்த இடத்துக்கும் சொல்லத்தான் வேணும். கடிச்ச நாய் எண்டு பேர் விழுந்தால் இவனை இனி ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

திங்கள் காலை அவள் கம்பனியோடு கதைத்தாள். பிழை நடந்திருந்தால் திருத்தலாம், ஆனால் மனேஜர் என்னையும் லைனில் வைத்துக்கொண்டு அந்தப் பதிவைப் போட்டுக் கேட்க வேண்டும் என்றார்களாம். வியாழக்கிழமைக்கு நேரம் தந்தார்கள்.

"நான் லீவு போட்டிட்டு வாறன். ஸ்பீக்கரில போட்டு எல்லாரும் கேப்பம்," என்றாள் துளசி.

"உனக்கேன் கரைச்சல்? நானே கேட்டு முடிக்கிறன்."

"நீங்கள் கேட்டு முடிச்சதாலதானே அப்பா இது வந்தது?"

அவளுக்கு என் வாய் வாய்த்திருக்கிறது.

அந்த மூன்று நாளும் எனக்கு அதே நினைவுதான். அந்தப் பதிவில் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அதைப் போடாமல் விட்டால் நாய் போகும், நாயோடு ஞாயிற்றுக்கிழமைகளும் போகும். போட்டால் என் மகள் அதைக் கேட்பாள். முதலே சொல்லிவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். ஒரு தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. மன்னிப்பு மேடையில் பேசுகிறவர்களின் சொல். வீட்டில் நாங்கள் ஒரு தேத்தண்ணி போட்டுக் கிட்டக் கொண்டுபோய் வைப்போம், நல்ல மீன் துண்டாகப் பார்த்துச் சோற்றுக் கோப்பையில் போடுவோம். பிள்ளை அதை விளங்கிக்கொள்ள வேண்டும். துளசி இங்கே வளர்ந்த பிள்ளை. அவளுக்கு வாயால் சொல்ல வேண்டும். எனக்கோ அது வாயில் வருகிறதில்லை.

ராணி மட்டும் என் முகத்தைப் பார்த்து, "என்ன, அந்தப் பிள்ளையோட ஏதும் கூடாத கதை கதைச்சனீங்களோ?" என்று கேட்டாள். "விசரி, போய்ப் பேசாமல் படும்," என்றேன்.

6

வியாழன் பத்து மணிக்குப் போன் அடித்தது. மேசைக்கு ஒரு பக்கம் நான், மற்றப் பக்கம் துளசி. ராணி கையில் அகப்பையோடு குசினி வாசலில். பாணி என் காலில் தாடையை வைத்துப் படுத்திருந்தான். மனேஜர் மரியாதையான மனிசன். "ஆரம்பிக்கலாமா, சேர்?" என்று கேட்டுவிட்டுப் பதிவைப் போட்டார்.

என் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. யாரோ கிழவன் கதைக்கிற மாதிரி இருந்தது. கடவுளுக்குத்தான் தெரியும் என்ற இடத்தில் துளசி சிரித்தாள். யெஸ், யெஸ் என்ற இடத்தில் மேசையில் தலையை முட்டினாள். மூன்று பேர் என்றதும் மனேஜரே அந்தப் பக்கம் செருமினார். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் அந்தப் பெண்பிள்ளையின் மெல்லிய குரல் வந்துவிட்டது. பிள்ளை ஹேர்ட் ஆனாளா?

பிறகு நான். உடைந்த இங்கிலீசு, அதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"யெஸ். நிறைய. பிழை என்னுடையது. நான் நிற்பாட்டியிருக்க வேண்டும். நிற்பாட்டவில்லை. அவள் அழவில்லை. அழுதால் நல்லது. அழவில்லை, போய்விட்டாள். இரண்டு வருஷம். நான் இன்னும் ஸொறி சொல்லவில்லை. எப்படி என்று தெரியாது. அவள் நல்ல பிள்ளை. நாய் எல்லாம் அவளிடம் பயமில்லாமல் நிற்கும். அது பெரிய வேலை, எனக்கு முதல் தெரியாது. இப்போது ஞாயிறு வருகிறாள். நாயைப் பார்க்க. நான் குசினியில் நிற்கிறேன், அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. நாய் இல்லையென்றால் வரமாட்டாள். அதனால், பிளீஸ், நல்ல காப்புறுதி தாருங்கள். சாகும்வரை இருக்கிறதைத் தாருங்கள்."

பதிவு முடிந்தது. ராணி அகப்பையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். நான் துளசியைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. பாணியின் மடிந்த காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனேஜர்தான் முதலில் பேசினார். "சேர், எனக்கு விளங்குகிறது. ஒரு கேள்வி மட்டும். பாணி யாரையாவது கடித்திருக்கிறானா?"

"நோ," என்றேன். "நாய் கடிக்கவில்லை."

இன்றைக்கே அத்தாட்சியை அனுப்புகிறேன் என்றார், பழைய பதிவை அழித்துத் திருத்துகிறேன் என்றார். எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கிறதற்கு முதல் கொஞ்சம் தயங்கினார். "மகள் இப்போது சுகமா, சேர்?"

துளசி குனிந்து போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய், "அவள் சுகமாக இருக்கிறாள், நன்றி," என்று சொல்லிவிட்டு அதை நிறுத்தினாள்.

இதற்கு மேல் குசினிக்குள் போய் ஒளிக்க ஏலாது. ராணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், வேண்டுமென்றுதான் நின்றாள் என்று நினைக்கிறேன். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.

"பிள்ளை," என்றேன். "அண்டைக்கு நான் சொன்னது... அப்பிடி ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அது பிழை. சரியான பிழை. உனக்குச் சொல்லோணும் சொல்லோணும் எண்டுதான்..."

மிச்சம் வரவில்லை. அவள் எழும்பி வந்து என் சேட்டில் முகத்தை வைத்து அழுதாள். இரண்டு வருஷத்துக்கு முதல் அழாத அழுகை முழுக்க அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்கவில்லை. பாணி பயந்துபோய் எங்கள் இரண்டு பேர் காலையும் சுற்றிச் சுற்றி வந்தான்.

"எனக்குத் தெரியும் அப்பா," என்றாள் துளசி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இப்ப கம்பனிக்காரருக்கே தெரியும்."